தீர்ப்புக்கு முன் ஒரு தடை

வியாபாரம் நம்பிக்கையில் நடக்கிறது என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். ராசா வட்டாரத்திலும் வடக்குச் சிலாங்கூர்த் தோட்டங்களிலும் பற்றுப் புத்தகத்தை மட்டும் நம்பி அரிசியும் பருப்பும் கொடுத்து, சம்பள நாளில் கணக்குத் தீர்த்துக்கொண்ட பெரியவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். ஆகவே நம்பிக்கையின் விலை நமக்குத் தெரியாததல்ல. ஆயினும் நம் நம்பிக்கை பிசகினால் போவது பொருள். தாதி ஒருவரிடம் வைக்கும் நம்பிக்கை பிசகினால் போவது உயிர். மயங்கிக் கிடக்கும் நோயாளி, தம் உடம்பில் ஏறும் மருந்து எது, அளவு எவ்வளவு என்று கேட்க முடியாது. அந்த நேரத்தில் அவருடைய உயிர் தாதியின் கையில் ஓர் அமானிதம்.

அத்தகைய தாதி ஒருவர்மீது புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தை மாற்றிக் கொடுத்தார் என்கிறார்கள். மருந்தலமாரியிலிருந்து திருடினார் என்கிறார்கள். நோயாளியைக் கொடுமைப்படுத்தினார் என்கிறார்கள். அது மெய்யா பொய்யா என்பது இன்னும் எவருக்கும் தெரியாது. விசாரித்து முடிக்க மாதங்கள் ஆகும். சில வேளை ஆண்டுகளும் ஆகும். அதுவரை அவர் நோயாளியின் படுக்கையருகே நிற்கலாமா? நிற்கலாம் என்றால், புகார் மெய்யாகி இன்னோர் உயிர் போனபின் யார் பதில் சொல்வது? கூடாது என்றால், புகார் பொய்யாகி ஒரு குடும்பம் பட்டினி கிடந்தபின் யார் பதில் சொல்வது? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

இது ஆஸ்பத்திரிக்காரர்களின் பாடு, நமக்கென்ன என்று வியாபார அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் வீட்டுப் பெண்மக்களில் தாதிகளாக இருப்போர் உண்டு. நாமும் என்றேனும் ஒரு நாள் நோயாளிகளே. இவற்றுக்கும் மேலாக, கடை வைத்திருப்போர் அனைவரும் சிப்பந்திகளை வைத்து வேலை வாங்குவோர். கல்லாவில் பணம் குறைந்த அன்று, "உண்மை தெரியும்வரை நீ கடைக்கு வராதே" என்று ஒரு வாலிபனிடம் சொல்லும் முதலாளி, தாதியர் வாரியம் எதிர்கொள்ளும் அதே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்.

நம் நாட்டில் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் ஒரு வாரியம் இயங்குகிறது. அதன் பதிவேட்டில் பெயரும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழிற் சான்றிதழும் இருந்தால்தான் ஒருவர் தாதித் தொழில் செய்யலாம். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் ஊசி போட்டுப் புண்ணுக்குக் கட்டுக் கட்டிய டிரஸர்களுக்கும் 1965இல் தனிப் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேடு என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால், யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்ற கேள்விகளோடு, விசாரணை முடியுமுன் யாரை நிறுத்தி வைப்பது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த நிறுத்தி வைத்தலுக்கு மிக விரிவான விதிகளை எழுதி வைத்திருக்கும் நாடுகளில் பிரிட்டன் ஒன்று. பல நாட்டுத் தாதியர் அங்கே வேலை செய்கிறார்கள். அங்குள்ள தாதியர், மருத்துவச்சியர் மன்றம் 2001ஆம் ஆண்டில் பிறந்த ஓர் ஆணையின்படி நடக்கிறது. புகார் வந்தவுடன், தீர்ப்புக்குக் காத்திராமல், அம்மன்றத்தின் குழு இடைக்கால உத்தரவு போடலாம். அது இரு வகை. தொழிலை முற்றாக நிறுத்தி வைப்பது ஒன்று. தொழில் செய்யலாம், ஆனால் இன்னின்ன நிபந்தனைக்கு உட்பட்டு என்று கட்டுப்படுத்துவது மற்றொன்று. எந்த உத்தரவும் ஒரே தடவையில் 18 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். 18 மாதத்துக்கு மேலும் நீட்டவேண்டுமானால், மன்றம் தானாக நீட்ட முடியாது. நீதிமன்றத்தில் போய்க் கேட்க வேண்டும்.

இங்கே வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் குழு, தாதி குற்றம் செய்தாரா இல்லையா என்று முடிவு செய்வதே இல்லை. அது அதன் வேலையும் அன்று. பொதுமக்களைக் காக்க இத்தடை அவசியமா என்பதே அது கேட்கும் முதற் கேள்வி. ஆகவே சட்டத்தின் கண்ணில் இது தண்டனை அன்று, ஒரு வேலிதான். ஆனால் வேலிக்குள் அகப்பட்டவருக்கு அது எப்படித் தோன்றும்? வருமானம் நிற்கிறது. பதிவேட்டில் பெயருக்கு எதிரே தடை என்ற குறிப்பு ஏறுகிறது. அதை யாரும் பார்க்கலாம். அந்தச் சட்டத்தில் சம்பளத்துக்கு ஈடு என்று எதுவும் சொல்லப்படவில்லை. பெயர் வேலியாக இருந்தாலும் முள் குத்தத்தான் செய்கிறது.

அப்படியானால் தடையே வேண்டாம், குற்றம் நிரூபணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாமா? அதன் விளைவை ஜெர்மனி கண்டது. நீல்ஸ் ஹோகல் என்ற ஆண் தாதி ஓல்டன்பர்க் நகர மருத்துவமனையில் வேலை பார்த்தார். அவர் இருக்கும் நேரங்களில் நோயாளிகள் அளவுக்கு மீறி இறக்கிறார்கள் என்ற ஐயம் அங்கே எழுந்தது. அதை வெளியே சொல்லவில்லை. விசாரிக்கச் செய்யவும் இல்லை. 2002இல் நல்ல சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கத்து ஊரான டெல்மன்ஹோர்ஸ்ட் மருத்துவமனையில் சேர்ந்தார். 2005இல் கையும் களவுமாகப் பிடிபடும்வரை அங்கேயும் கொன்றுகொண்டே இருந்தார். 2019இல் நீதிமன்றம் 85 கொலைகளுக்கு அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் கல்லன் என்பவர் 1988 முதல் 2003 வரை நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் மருத்துவமனை மருத்துவமனையாக மாறிக்கொண்டே போனார். 29 கொலைகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு மருத்துவமனை தன் ஐயத்தை அடுத்த மருத்துவமனைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று நியூ ஜெர்சி 2005இல் சட்டம் செய்தது அதன் பிறகுதான்.

வியாபார உலகிலும் இத்தகையவர்கள் இல்லாமலில்லை. கை நீளமுள்ள சிப்பந்தியைப் பற்றி வெளியே சொன்னால் வம்பு என்று, "நல்ல பையன்" என்ற கடிதத்தோடு அடுத்த ஊர்க் கடைக்கு அனுப்பிவிடும் முதலாளிகள் உண்டு. தம் கடையின் நஷ்டத்தை இன்னொருவர் கடைக்கு மாற்றிவிட்டதை அவர்கள் பெருந்தன்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள். கடையில் போவது காசு. ஆஸ்பத்திரியில் போவது உயிர். ஆதலால் தடை என்ற கருவி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரில் ஸ்டெப்பிங் ஹில் மருத்துவமனை இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அங்கே நோயாளிகளுக்கு ஏற்றும் உப்புநீர்ப் பைகளில் எவரோ இன்சுலினைக் கலந்துவிட்டார்கள். நோயாளிகள் இறந்தார்கள். ஜூலை மாதத்தில் போலீசார் இளம் தாதி ஒருவரைக் கைது செய்தார்கள். அவருடைய பெயரும் படமும் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தன. நாம் இங்கே அப்பெயரை எழுதப் போவதில்லை. அவர் பட்டது போதும். தாதியர் மன்றமும் அவருடைய பதிவை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ ஆறு வாரம் சிறையில் இருந்தபின், செப்டம்பர் 2ஆம் தேதி அவர்மீதிருந்த வழக்குக் கைவிடப்பட்டது. நஞ்சு கலந்தவர் அவரல்லர்.

உண்மையில் கலந்தவர் அதே மருத்துவமனையில் வேலை பார்த்த விக்டோரினோ சுவா என்ற வேறொரு தாதி. மக்கள் அந்தப் பெண்ணைத் தூற்றிக்கொண்டிருந்த வேளையில் குற்றவாளி வெளியில் இருந்தார். 2012 ஜனவரியில், நோயாளிகளின் மருந்துக் குறிப்புகள் திருத்தப்பட்டிருப்பதைக் கண்ட பிறகுதான் அவர் பிடிபட்டார். 2015 மே மாதத்தில் இரண்டு கொலைகளுக்கும், வேறு பலருக்கு நஞ்சிட்டதற்கும் ஆயுள் தண்டனை விதித்து, குறைந்தது 35 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிற்று.

நியாயமாகப் பேசவேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இளம் தாதி, மருத்துவமனை மருந்தைத் தமக்கென எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அது குற்றமே. ஆனால் மருந்தெடுத்த குற்றம் வேறு, மனிதரைக் கொன்ற குற்றம் வேறு. சந்தேகத்தின் காலத்தில் சிறு பிழை பெரும் பழியோடு ஒட்டிக்கொள்கிறது. ஊரார் அவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தவறான ஆளைத் தடுத்து வைப்பதில் மற்றோர் ஆபத்தும் இருக்கிறது. ஆளைப் பிடித்தாயிற்று என்ற நிம்மதியில் தேடுகிற கண் சோர்ந்துவிடக்கூடும்.

ஆக, தடுக்காமல் விட்டதால் ஜெர்மனியில் உயிர்கள் போயின. தடுத்ததால் இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் பெயர் கெட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், உயிரின் தட்டுத்தான் தாழும். அதில் நமக்கு ஐயமில்லை. சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் இருக்குமானால் தடை போடத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலோர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். நாம் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

கலப்படம் என்று ஐயம் வந்த மிளகாய்த்தூள் மூட்டையை நாம் என்ன செய்கிறோம்? விற்காமல் ஓரமாக ஒதுக்கி வைக்கிறோம். பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தால் மறுபடி தட்டில் வைக்கிறோம். மூட்டைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தாதியைத் தடுத்து வைப்பதையும் இப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மூட்டைக்கு வயிறு இல்லை. மூட்டைக்கு வீட்டு வாடகை இல்லை, பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லை, வழியில் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வருந்தும் மனமும் இல்லை. மனிதரை ஒதுக்கி வைத்தால் அந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவு யாருடையது?

பாதுகாப்பு என்ற இலாபம் ஊர் முழுவதுக்கும் கிடைக்கிறது. அதற்குரிய முதலோ ஒரே ஒரு வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அதுவும் அந்த வீட்டாரைக் கேட்காமல், குற்றம் நிரூபணமாகாமல் எடுக்கப்படுகிறது. வியாபாரிகளாகிய நமக்கு இதற்குப் பெயர் தெரியும். இது கடன். இடைக்காலத் தடை என்பது பொதுமக்கள் ஒரு தனி மனிதரிடம் வாங்கும் கடன். அவசரத்துக்குக் கடன் வாங்குவது பாவமன்று. வாங்கியதைக் கடன் என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் பாவம்.

கடன் என்று ஒப்புக்கொண்டால் அதற்குரிய ஒழுங்குகள் தாமே வரும். முதலாவது, காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் புகார், என்ன ஆதாரம், எந்த ஆபத்தைத் தடுக்க இத்தடை என்று அந்தத் தாதியின் கையில் தாளாகக் கொடுக்க வேண்டும். அவர் சொல்வதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. நூறு வெள்ளி வேண்டிய இடத்தில் ஆயிரம் வாங்குவது புத்தியன்று. புகார் மருந்தலமாரியைப் பற்றியது என்றால் சாவியை வாங்கிக்கொண்டால் போதாதா? மருந்தளவைப் பற்றியது என்றால், மூத்த தாதி ஒருவர் பக்கத்தில் நின்று மேற்பார்த்தால் போதாதா? பிரிட்டன் விதியில் நிபந்தனை உத்தரவு என்று இரண்டாம் வகையை வைத்திருப்பது இதற்காகத்தான். முழுத் தடை கடைசி வழியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தவணை. தேதி இல்லாத கடன் கடனாகாது. 2007இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு மருத்துவரின் வழக்கில், தடையை நீட்டக் கேட்கும்போது எவற்றை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்திற்று. புகாரின் கடுமையும் நோயாளிகளுக்குள்ள ஆபத்தும் அதில் இருந்தன. விசாரணை ஏன் இன்னும் முடியவில்லை என்பதும், தடையால் அந்த மனிதருக்கு நேரும் கேடும் அவற்றோடு சேர்ந்தே இருந்தன. இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் 2015இல் ஓர் அரசு ஊழியரின் வழக்கில், குற்றச்சாட்டுப் பத்திரம் கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொல்லிற்று.

நான்காவது, சோறு. இதுபற்றிக் கோலார் தங்கவயலில் நடந்த வழக்கு ஒன்று நம் நெஞ்சில் நிற்க வேண்டியது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டில் 1985இல் போலீசார் சோதனையிட்டுத் தங்கம் எடுத்ததாகச் சொன்னார்கள். மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது நிர்வாகம். அக்காலத்துக்குரிய பிழைப்பூதியம் கொடுபடவில்லை. கேரளத்துக்குப் போயிருந்த அவரிடம் விசாரணைக்கு வரப் பணமில்லை. அவர் இல்லாமலே விசாரித்து, 1986இல் வேலையை விட்டு நீக்கினார்கள். 1987இல் குற்றவியல் நீதிமன்றம் அவரை நிரபராதி என்று விடுதலை செய்தது. ஆயினும் 1999இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வேலையும் பாக்கிச் சம்பளமும் அவருக்குக் கிடைக்க வழி பிறந்தது. நிறுத்தி வைத்தவனைப் பட்டினி போட்டால், தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் வலிமையையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981இல் ஒரு சட்டம் செய்தார்கள். நிறுத்தி வைக்கப்பட்ட தொழிலாளிக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம்; அடுத்த 90 நாள் முக்கால் சம்பளம்; அதற்கும் மேல் இழுத்தால் முழுச் சம்பளம். இந்தப் படிக்கட்டில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. தாமதத்தின் செலவு முழுவதும் ஒருவர் தலையிலேயே விழுமானால், விசாரிப்பவருக்கு அவசரமே இராது. நாளாக நாளாக விசாரிப்பவரின் பையிலிருந்தும் காசு போனால், கோப்புத் தூங்காது.

குற்றவாளிக்கும் சம்பளமா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தடை போட்ட நாளில் அவர் குற்றவாளியா என்பது நமக்குத் தெரியாது. தெரியாத நாளில் நமக்கிருந்த கடமையை, பின்னால் வந்த தீர்ப்பைக் காட்டி மறுக்க முடியாது. குற்றவாளி ஒருவருக்குப் பாதிச் சம்பளம் போனால் அது செலவுக் கணக்கில் எழுதக்கூடிய நஷ்டம். நிரபராதி ஒருவரின் பிள்ளை படிப்பை நிறுத்தினால் அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஐந்தாவது, பெயர். கடனைத் திருப்பும்போது வாங்கிய இடத்திலேயே திருப்ப வேண்டும். தடை போட்டதை ஊரறியச் சொல்லிவிட்டு, தடை நீங்கியதைக் காதோடு காதாகச் சொல்வது நேர்மையன்று. நிரபராதி என்று தெரிந்தவுடன் அதே பதிவேட்டில், அதே பத்திரிகையில், அதே கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும். கெட்ட செய்திக்குக் காது கொடுத்தவர்கள் நல்ல செய்திக்கும் காது கொடுக்க வேண்டும். அது அந்த மனிதரின் ஹக்கு.

நம் நாட்டுச் சட்டமும் இந்தக் கருத்துக்குத் தூரமானதன்று. அரசாங்க ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள், விசாரணைக்காக மட்டும் ஒருவரை நிறுத்தி வைத்தால் அது இரண்டு மாதத்துக்கு மேற்படக் கூடாது, முழுச் சம்பளமும் உண்டு என்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரித் தாதியரும் அரசாங்க ஊழியர்களே. தனியார் முதலாளிகளாகிய நமக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இருக்கிறது. விசாரணைக்காக ஒரு சிப்பந்தியை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. அந்த வாரத்துக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால், பிடித்து வைத்த மீதியை உடனே முழுவதும் கொடுத்துவிட வேண்டும். விசாரிக்காமல் ஒழுங்கீனத்துக்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் சிறு வியாபாரிகள். நான்கு பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருவரை வீட்டில் வைத்துப் பாதிச் சம்பளம் கொடுப்பது பாரமே என்பதை அறிவோம். அந்தப் பாரமே நம்மை விரைவில் விசாரித்து முடிக்கத் தூண்டும். கணக்குப் புத்தகத்தை எடுத்து, சரக்கை எண்ணி, இரண்டு பேரை வைத்து விசாரித்தால், சிறு கடையின் விவகாரம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடும். விசாரிக்காமல் வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பையனின் பெயரை டீக்கடையில் பேசவிடுவதுதான் சுலபமான வழி. அதுவே அநியாயமான வழியும்கூட.

ஆகவே அன்பர்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எவரையேனும் நிறுத்தி வைக்க நேர்ந்தால், காரணத்தையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். அந்த வாரத்துப் பாதிச் சம்பளத்தை அன்றே எண்ணிக் கொடுங்கள். முடிவு தெரியும்வரை ஊரில் வாய் திறவாதிருங்கள். குற்றம் மெய்யானால், பொய்யான நற்சான்று கொடுத்து அடுத்தவர் கடைக்கு அனுப்பாதீர்கள். பொய்யானால், மற்றச் சிப்பந்திகளின் முன்னிலையில் அதைச் சொல்லி, மீதிச் சம்பளத்தைக் கொடுத்து, அவரை முன்பிருந்த இடத்திலேயே உட்கார வையுங்கள். கல்லாவை நம்பி ஒப்படைத்திருந்தவரானால், கல்லாவிலேயே உட்கார வையுங்கள்.